பழைய டிரம்மில் ஒரு புகையடுப்பு: 3,000 ரூபாய்க்குள் முடிக்கும் வழி

புகையடுப்பு என்றால் மீனையும் கோழியையும் புகையில் நிதானமாக வேகவைக்கும் அடுப்பு. என்னுடைய முதல் புகையடுப்பு ஒரு 15 கிலோ எண்ணெய் டின். அடியில் நாலைந்து கரித்துண்டுகள், அதன்மேல் பாதி காய்ந்த மாங்கட்டை, மேலே கம்பியில் கோத்த கானாங்கெளுத்தி. மூடியை இறுக்கிச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். திறந்தபோது மீன் தார்ச்சாலையின் நிறத்தில் இருந்தது. மூடியின் உட்பக்கம் கறுப்பாக வியர்த்து, அந்த வியர்வை சொட்டுச் சொட்டாக மீன்மேல் விழுந்திருந்தது. நாக்கில் வைத்தால் வேப்பெண்ணெய்க் கசப்பு. தெருப் பூனை வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடையைக் கட்டியது.

டின் மலிவானது என்பதால் அந்த மீன் கெடவில்லை. உள்ளே காற்று வரவும் புகை வெளியேறவும் வழி வைக்காததால் கெட்டது. போதிய காற்று கிடைக்காத கட்டை எரியாமல் புழுங்கும். அப்போது கிளம்புகிற அடர்ந்த வெள்ளைப் புகையில் தார்ச்சத்து நிறைய இருக்கும். அது குளிர்ந்த மூடியில் படிந்து, மறுபடி உணவின்மேல் இறங்கும். நமக்கு வேண்டிய புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலமாக எழும். விறகடுப்பு நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு ஓட்டிடுக்கு வழியே கசியுமே, அந்தப் புகை.

கடையில் விற்கிற புகையடுப்புக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்கும் பெயிண்டுக்கும் பெயருக்கும் போகிறது. வேலைக்கு அவசியமானவை மூன்றுதான்: அடியில் ஓட்டை ஒழுகல் இல்லாத ஓர் இரும்புக்கூடு, திறந்து மூடக்கூடிய காற்றுத்துளைகள், பொய் சொல்லாத ஒரு வெப்பமானி. இரண்டாவது முயற்சியில் இந்த மூன்றையும் ஒரு 200 லிட்டர் டிரம்மில் செய்து முடித்தேன். டிரம் 1,100 ரூபாய், கம்பி, வலை, பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து 800, வட்ட வெப்பமானி 450, இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி 350, நட்டு போல்ட்டும் தகடும் 100. மொத்தம் 2,800. ஊருக்கு ஊர் விலை மாறும். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இன்னும் குறையும்.

டிரம் வாங்கும்போது

200 லிட்டர் இரும்பு டிரம் ஏறக்குறைய 88 செ.மீ. உயரமும் 58 செ.மீ. அகலமும் இருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேல்தகடு உடலோடு சேர்த்து அடைக்கப்பட்டு, இரண்டு திருகு மூடிகள் மட்டும் இருக்கும். மற்றொன்றில் மூடி முழுதாகக் கழன்று வரும். சுற்றி ஒரு வளையப்பட்டை அதை இறுக்கிப் பிடிக்கும். இரண்டாவதைத் தேடுங்கள். நூறோ இருநூறோ கூடக் கேட்டாலும், வெட்டும் கூலி மிச்சம். மூடியும் சரியாகப் பொருந்தும். மூடியின் விளிம்பில் ரப்பர் வளையம் இருந்தால் முதல் வேலையாக அதைப் பிடுங்கி எறியுங்கள்.

விலையைவிட முக்கியமான கேள்வி, அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பது. நான் போன பழைய இரும்புக் கடையில் வரிசையாகப் பன்னிரண்டு டிரம்கள் நின்றன. கடைக்காரர் ஒன்றைத் தட்டிக் காட்டி, “அண்ணே, இது நல்ல கனம், எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். திருகு மூடியைத் திறந்து மூக்கை வைத்தேன். தின்னர் வாடை மண்டையில் ஏறியது. பெயிண்ட், பூச்சிமருந்து, பசை, ரசாயனம் எது இருந்த டிரம்மும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் எரித்தாலும் அதை நம்பிச் சாப்பிட முடியாது. சமையல் எண்ணெய், பழக்கூழ், குளுக்கோஸ் பாகு வந்த டிரம்களைக் கேளுங்கள். மிட்டாய்க் கம்பெனி, ஊறுகாய்க் கம்பெனி உள்ள பகுதிகளில் கிடைக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். லேபிளே இல்லை என்றால் அந்த டிரம்மும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். உணவுப்பொருள் வந்த டிரம்களில் பழுப்பு அல்லது செம்பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சு இருப்பது வழக்கம். அதை எரித்து எடுப்பது பெரும்பாடு. பூச்சில்லாத வெறும் இரும்பு கிடைத்தால் அன்று உங்கள் அதிர்ஷ்டம்.

ஒரு எச்சரிக்கை, இதை இரண்டு முறை படியுங்கள். மூடியிருக்கும் டிரம்மை அப்படியே கிரைண்டரால் வெட்டுவதோ கேஸ் வைத்து அறுப்பதோ உயிரோடு விளையாடுவது. உள்ளே தங்கியிருக்கும் ஆவி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். எல்லாத் திருகுகளையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, காற்றாட விட்ட பிறகே ஆயுதம் அதன்மேல் படலாம்.

துளைகள்

அடித்தட்டிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், சுற்றளவைச் சமமாகப் பிரித்து மூன்று இடங்களில் 20 மி.மீ. துளை போடுங்கள். சுற்றளவு ஏறத்தாழ 182 செ.மீ. வரும், சணல் கயிற்றைச் சுற்றி அளந்து, அதை மூன்றாக மடித்தால் இடம் தெரிந்துவிடும். வீட்டில் டிரில் இருந்தாலும் இந்த அளவுத் துளைக்குத் தனி பிட் வேண்டும். வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போனால் பத்து நிமிட வேலை.

ஒவ்வொரு துளைக்கும் ஒரு கதவு வேண்டும். பலர் குழாய்த்துண்டும் வால்வும் வைத்து ஆயிரம் ரூபாயை அங்கேயே கரைக்கிறார்கள். தீப்பெட்டி அகலத்தில் ஒரு தகட்டுத் துண்டை வெட்டி, துளைக்கு மேலே ஒரே ஒரு போல்ட்டில் மாட்டினால் போதும். கதவுத் தாழ்ப்பாளை நகர்த்துவது போல விரலால் நகர்த்தலாம். நட்டு கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்து தொங்கினால் கதவு தானாக விழுந்து, நீங்கள் தூங்கும் நேரத்தில் தீயை அணைத்துவிடும்.

மேலே புகை போகும் வழியின் பரப்பு, கீழே காற்று வரும் வழியின் பரப்பைவிடக் குறையக் கூடாது. என் எண்ணெய் டின் தோற்றது இந்தக் கணக்கில்தான். 20 மி.மீ. துளை மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 940 சதுர மி.மீ. பரப்பு. டிரம் மூடியில் ஏற்கெனவே 2 அங்குலத் திருகுத் துளை இருந்தால் அது மட்டுமே 2,000 சதுர மி.மீ. வரும். திருகைக் கழற்றி வைத்துவிட்டால் செலவில்லாமல் புகைபோக்கி கிடைத்துவிட்டது. அப்படித் துளை இல்லாத மூடியில் 13 மி.மீ. துளைகள் எட்டு போடுங்கள். சமைக்கும்போது மேல்வழி எப்போதும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்க்கதவுகளின் வேலை.

மூடியின் விளிம்பில் லேசாகப் புகை கசிந்தால் கவலைப்படாதீர்கள். அது தீக்கு மேலே இருக்கிறது. ரொம்பவும் கசிந்தால், பிரியாணிக்குத் தம் போடும்போது செய்வது போல மைதா மாவைப் பிசைந்து திரித்து ஒட்டலாம். கீழே, தீக்கு அருகில் துருப்பிடித்து விழுந்த ஓட்டை இருந்தால்தான் ஆபத்து. அந்த வழியாக உங்கள் அனுமதி இல்லாமல் காற்று நுழையும். பிறகு எந்தக் கதவை மூடியும் சூடு இறங்காது.

எரித்துச் சுத்தம் செய்தல்

துளை போட்ட பிறகே எரிக்க வேண்டும். அப்போதுதான் தீக்குக் காற்று போகும். வெட்டவெளியில் வைத்து, காய்ந்த விறகைப் போட்டு இரண்டு மணி நேரம் கொழுந்துவிட்டு எரியவிடுங்கள். புகை உங்கள்மேல் வராதபடி, காற்று வருகிற பக்கமாக நின்றுகொள்ளுங்கள். பெயிண்ட் எரியும் புகை நெஞ்சுக்கு நல்லதல்ல. வெளிப்பூச்சு சாம்பலாகி உதிரும்வரை எரிய வேண்டும். ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, காய்ந்த உடனே உள்ளே சமையல் எண்ணெய் தடவுங்கள். “நாளைக்குத் தடவலாம்” என்று விட்டேன். காலையில் உட்பக்கம் முழுக்கச் செந்துரு. மறுபடி பிரஷ், மறுபடி முதுகுவலி.

வெளியே அடிக்க வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயிண்ட் கிடைக்கிறது. உள்ளே எந்தப் பெயிண்டும் கூடாது.

கரிக்கூடையும் வலையும்

கரியை அடித்தட்டில் அப்படியே கொட்டினால் சாம்பலே தீயை மூச்சுத் திணற வைத்துவிடும். தடிமனான இரும்பு வலையை 36 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள கூடையாகச் சுருட்டி, அடியும் வைத்து, 8 செ.மீ. உயரத்துக்குக் கால் வையுங்கள். தூக்கி எடுக்க ஒரு வளைகம்பி. துத்தநாகம் பூசிய வலை விலை குறைவாகக் கிடைக்கும், பளபளவென்றும் இருக்கும். அதை வாங்காதீர்கள். தணலின் சூட்டில் அந்தப் பூச்சு நிற்காது. அதிலிருந்து வரும் ஆவி உணவிலும் மூச்சிலும் சேரக்கூடாது.

உணவு வைக்கும் வலை தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். அப்போது தணலுக்கும் உணவுக்கும் நடுவே ஒன்றே கால் அடிக்குமேல் இடைவெளி கிடைக்கும். சொட்டும் கொழுப்பு தணலில் பட்டு எழும் வாடை இந்த வகை அடுப்பின் தனிச்சுவை. அதே கொழுப்பு தீயாக எழுந்து இறைச்சியை நக்கிவிடாமல் காப்பது இந்த இடைவெளி. அந்த உயரத்தில் நான்கு போல்ட்டுகளை உள்நோக்கி மாட்டி, அவற்றின்மேல் வலையை உட்கார வையுங்கள். எவர்சில்வர் கம்பியில் செய்தால் ஆயுள் கெட்டி. காசு போதாவிட்டால் 6 மி.மீ. இரும்புக் கம்பி போதும், ஒவ்வொரு முறையும் எண்ணெய் தடவி வைத்தால்.

வட்ட வெப்பமானியை அந்த வலைக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில் பொருத்துங்கள். பொருத்துவதற்கு முன் அதன் முள்ளைக் கொதிக்கும் நீரில் வைத்துச் சோதியுங்கள். சென்னையிலோ மதுரையிலோ 100 டிகிரி காட்ட வேண்டும். ஊட்டியில் இருப்பவர்கள் 93 காட்டினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் அவ்வளவில்தான் கொதிக்கும். என்னுடையது 12 டிகிரி குறைத்துக் காட்டியது. திருப்பிக் கொடுக்கப் பேருந்துக் கட்டணம் அதிகம் என்பதால், டிரம்மில் சாக்பீஸால் “+12” என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

கரியும் கட்டையும்

இந்த விஷயத்தில் தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு வரம் இருக்கிறது, சாபத்தின் வடிவில். ஊரெல்லாம் வெட்டி ஒழிக்கச் சொல்கிற சீமைக்கருவேலம், அமெரிக்காவின் டெக்சாஸ்காரர்கள் இறைச்சி வாட்டுவதற்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய உறவு. அங்கே அதன் கட்டையைப் பையில் அடைத்து விற்கிறார்கள். இங்கே ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் அதையே மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். டீக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் போகும் அந்தக் கரிதான் நமக்கும். கையில் எடுத்தால் கனமாக, தட்டினால் ஓடு தட்டியது போல ஓசை வர வேண்டும். மொத்தென்று சத்தம் வந்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

எரிபொருளுக்குக் கரி, மணத்துக்குத்தான் கட்டை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய உணவு கசக்கிறது. 3 கிலோ கரிக்கு, கைப்பிடி அளவுக் கட்டைத்துண்டுகள் மூன்று நான்கு போதும். சீமைக்கருவேலங்கட்டையின் புகை காரமானது, ஒரு துண்டுக்குமேல் போனால் மற்ற ருசியை விழுங்கிவிடும். எனக்குப் பிடித்தது கொய்யாக்கட்டை. கவாத்து செய்த கிளைகளைக் கேட்டால் தோட்டக்காரர்கள் சும்மாவே தருவார்கள். மழை படாமல் ஆறு மாதம் காயவைத்து, பட்டையை உரித்து வைத்துக்கொண்டால் மென்மையான, லேசாக இனிக்கும் புகை கிடைக்கும். புளியங்கட்டையும் நல்லது. தேங்காய்ச் சிரட்டை சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். தீ மூட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

வேப்பங்கட்டை கசக்கும். சரக்குப் பெட்டிகளின் பைன் பலகை பிசின் வாடை அடிக்கும், அதில் மருந்து போட்டிருக்கவும் கூடும். பிளைவுட், பெயிண்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் எதுவும் வேண்டாம். வேலியோரம் வெட்டிப் போட்ட கிளைகளைப் பொறுக்கும்போது அரளி கலந்துவிடாமல் பாருங்கள். அது விஷம், அதன் புகையும் விஷம். கட்டையைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். தண்ணீர் மேல்தோலைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. நீராவி பறக்கும், அதைப் புகை என்று நினைத்து நாம் மகிழ்வோம்.

முதல் தீ

முதல் நாள் உணவு வைக்காமல், உள்ளே மறுபடி எண்ணெய் தடவி, 150 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். மொட்டைமாடியில் வைப்பதானால் அடியில் செங்கல் அடுக்குங்கள். நேராக வைத்தால் தளத்தில் பதித்த ஓடு வெடிக்கும். பக்கத்து மாடியில் துணி காய்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். என் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் படுக்கைவிரிப்புகளை மறுபடி துவைத்தார். அதற்கு நான் கொடுத்த அபராதம் ஒரு முழுக்கோழி. வீட்டுக்குள், கார் நிறுத்துமிடத்தில், தகரக் கொட்டகையில் ஒருபோதும் மூட்டாதீர்கள். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

கூடையில் 3 கிலோ பற்றவைக்காத கரியை நிரப்பி, கட்டைத்துண்டுகளை இடையில் புதைத்து, நடுவில் ஒரு குழி பறியுங்கள். தனியே சிரட்டை வைத்துப் பற்றவைத்த பத்துப் பதினைந்து தணல்களை அந்தக் குழியில் போடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அன்று முழுக்க அதன் வாடைதான் சாப்பாட்டில் இருக்கும். நடுவிலிருந்து தீ மெல்ல வெளியே பரவும். ஒரே நேரத்தில் எல்லாக் கரியும் பற்றாது. மூன்று கதவுகளும் திறந்திருக்கட்டும். 90 டிகிரி வந்ததும் இரண்டை மூடுங்கள். 105-ஐ நெருங்கும்போது மூன்றாவதைப் பாதியாக்குங்கள். 110-க்கும் 120-க்கும் நடுவில் முள் நின்றுவிடும். ஏறிய சூட்டை இறக்குவது ஏற்றுவதைவிட மூன்று மடங்கு கஷ்டம் என்பதால், முன்கூட்டியே மூடுகிறோம். கதவை நகர்த்திவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். எனக்கு மிகவும் கடினமாக இருந்த பாடம் அதுதான்.

வெள்ளைப் புகை தணிந்து நீலமானதும் உணவை வையுங்கள். அதற்கு முன் வைத்தால் எண்ணெய் டின் கதைதான்.

கோழியும் மீனும்

முதல் சமையலுக்குக் கோழி எடுங்கள்; தப்பு செய்தாலும் மன்னிக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு, ஒரு துண்டு கருப்பட்டி கரைத்து, முதுகைப் பிளந்து விரித்த முழுக்கோழியைத் தோலோடு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். காலையில் துடைத்து, மிளகு, மல்லி, மிளகாய்த்தூள் தடவி, மின்விசிறியின் கீழ் முக்கால் மணி நேரம் வையுங்கள். மேல்தோல் காய்ந்து விரலில் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். ஈரமான தோலில் புகை பிடிக்காமல் கறையாகத்தான் படியும்.

120 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். நேரத்தை நம்பாதீர்கள், தொடையின் தடித்த பகுதியில் எலும்பில் படாமல் முள்ளைக் குத்திப் பாருங்கள். 74 டிகிரி வந்தால் எடுக்கலாம். தோல் ரப்பர் போல இருப்பது பிடிக்காதவர்கள், கடைசி இருபது நிமிடம் கதவுகளைத் திறந்து 150-க்கு ஏற்றலாம். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால், உள்ளே பாயும் காற்றில் தணல் சீறி எழும். மூடிய பிறகும் வெப்பம் எங்கோ போய் நிற்கும். பன்றித் தொடை போன்ற பெரிய துண்டுகளைப் போட்டால், இறைச்சியில் குத்திய வெப்பமானி 70 டிகிரியை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் நகராமல் நிற்கும். அடுப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். இறைச்சியின் ஈரம் ஆவியாகி, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல அதைக் குளிர்விக்கிறது. ஈரம் குறைந்ததும் தானாக ஏறும்.

மீனுக்குக் கானாங்கெளுத்தியும் சூரையும் பொருத்தம். கொழுப்புள்ள மீனில் புகை நன்றாகத் தங்கும். உப்புநீரில் அரை மணி நேரம், விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம், 95 டிகிரியில் முக்கால் முதல் ஒரு மணி நேரம். உள்சூடு 63. இந்த இரண்டு மீன்களையும் ஐஸ் இல்லாமல் வெளியே கிடத்திவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகி, உடல் தடித்து முகம் சிவந்து போகும் அளவுக்கு ஒவ்வாமை போன்ற விளைவைத் தரும். சமைத்தாலும் புகை போட்டாலும் அது அழியாது. ஆகவே சந்தையிலிருந்து வீடு வரும்வரை ஐஸ், ஊறும்போதும் ஐஸ்.

“புகை போட்டால் கெடாதல்லவா, பரணில் தொங்கவிடலாமா?” என்று என் மாமியார் கேட்டார். கேள்வி நியாயமானது. மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவிலும் சூரையை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டை போலக் காயவைத்துத்தான் மாசிக்கருவாடு செய்கிறார்கள். இலங்கைச் சம்பலில் இடித்துப் போடுகிற அந்த மாசி மாதக்கணக்கில் கெடாது. அதைக் காப்பது அந்த உலர்ச்சி. நம் டிரம்மிலிருந்து வரும் கோழியும் மீனும் உள்ளே சாறோடு இருப்பவை. ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். 30 டிகிரிக்குக் கீழே, வேகவைக்காமல் நாள்கணக்கில் புகை போடும் குளிர்நாட்டு முறையை நம் ஊர் வெயிலில் முயலவே வேண்டாம். 5 முதல் 60 டிகிரிக்குள் கிடக்கும் இறைச்சியில் கிருமிகள்தான் விருந்து சாப்பிடும்.

சமையல் முடிந்ததும் கீழ்க்கதவுகள் மூன்றையும் மூடி, மேல்துளையில் திருகையும் போட்டுவிடுங்கள். எட்டுத் துளை போட்ட மூடியாக இருந்தால் ஒரு தகட்டை மேலே வைத்து செங்கல் பாரம் ஏற்றுங்கள். காற்றில்லாமல் தணல் ஒரு மணி நேரத்தில் அவிந்துவிடும். மறுநாள் காலையில், டிரம் முழுக்க ஆறிய பிறகு, கூடையை எடுத்து நாலு குலுக்கு குலுக்கினால் சாம்பல் உதிர்ந்துவிடும். கோழிச் சமையலுக்குப் பிறகு எனக்குப் பெரும்பாலும் பாதிக் கரி மிஞ்சும். அடுத்த வாரம் அதன்மேலேயே புதுக் கரியைக் கொட்டிக்கொள்கிறேன். சாம்பல் முருங்கை மரத்தடிக்குப் போகிறது.